மூ ஜியாங் ஏற்காத நல்ல செய்தி

பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. போவதா வேண்டாமா என்று அவர்கள் வீட்டில் பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் அக்கா என்னிடம் வந்து, "நீ காசு போட்டுப் பார்க்கிற அந்தச் சீனப் புத்தகம் வச்சிருக்கியே, எனக்கு ஒண்ணு பார்த்துச் சொல்லேன்" என்றார். சாப்பாட்டு மேசையில் மூன்று ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்து வைத்தேன். தலைக்கு 3, பூவுக்கு 2. அவர் ஆறு முறை போட்டார், நான் கூட்டிப் பார்த்துக் கோடுகளைக் கீழிருந்து மேலாகத் தாளில் வரைந்துகொண்டே வந்தேன். முதலில் 8. அடுத்தது மூன்றும் பூ, 6. அதற்கடுத்தது மூன்றும் தலை, 9. அப்புறம் 8, 7, 7. ஐ சிங் என்ற அந்த நூலில் ஆறு கோடுகள் சேர்ந்த உருவம் ஒரு குவா; குவாவுக்கு ஒரு வாசகம், அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் தனி வாசகம். எங்களுக்கு வந்தது 53ஆவது குவா, ஜியன். காட்டுவாத்துகள் நீர்க்கரையிலிருந்து படிப்படியாக மேலே ஏறிவரும் குவா.

இரட்டை எண் என்றால் நடுவில் முறிந்த யின் கோடு, ஒற்றை எண் என்றால் முறியாத யாங் கோடு. 7, 8 அப்படியே நிற்கும், 6, 9 இரண்டும் மாறும் கோடுகள். 6 யாங்காகவும் 9 யின்னாகவும் திரும்பினால் 59ஆவது குவா, ஹுவான், வந்து நிற்கும். ஜியனின் இரண்டாம் கோடு சொல்வது: வாத்து பாறைக்கு வந்து சேர்ந்தது, தின்று குடித்துக் களிக்கிறது, நன்று. மூன்றாம் கோடு சொல்வது: வாத்து மேட்டு நிலத்துக்கு வந்தது, கணவன் போகிறான், திரும்புவதில்லை, மனைவி கருவுறுகிறாள், பெறுவதில்லை, தீது. மாறி வந்த ஹுவானின் குவா வாசகத்தில் "பெரிய ஆற்றைக் கடப்பது நன்று" என்று இருக்கிறது. மூன்றையும் வாசித்துக் காட்டினேன். அக்கா கடைசியைப் பிடித்துக்கொண்டார். "முடிவு அதுதானே? ஆத்தைக் கடக்கலாம்னு வந்திருக்கு. கடல் தாண்டிப் போறதைத்தான் சொல்லுது." முகம் தெளிந்து எழுந்து போனார்.

எனக்குத் தெளியவில்லை. கணவன் வெளியே போவதைப் பற்றிய கேள்விக்கு "கணவன் போகிறான், திரும்புவதில்லை" என்று ஒரு வரி நேராக வந்து விழுந்திருக்கிறது. அதை இடையில் வரும் ஒரு நிறுத்தமாகத் தாண்டிப் போய்விடலாமா? அக்கா வாசித்தது அவராகக் கண்டுபிடித்த முறையும் இல்லை. இன்று செல்போன் செயலிகள் அப்படித்தான் வாசிக்கின்றன: முதல் குவா இன்றைய நிலை, மாறும் கோடுகள் போகும் வழி, இரண்டாம் குவா போய்ச் சேரும் இடம். 1949இல் உளவியலாளர் கார்ல் யுங் ஐ சிங்குக்கு முன்னுரை எழுத உட்கார்ந்தபோது அந்த நூலிடமே கேள்வி கேட்டார். அவருக்கு விழுந்தது 50ஆவது குவா; மாறியவை அங்கேயும் இரண்டாம், மூன்றாம் கோடுகள்தான். இரண்டையும் வாசித்துவிட்டு, மாறி வந்த 35ஆவது குவாவை அடுத்து வரப்போகும் கட்டமாக எடுத்துக்கொண்டார். வாசிக்கும் மனிதருக்கு இது இதமான முறை. கதைக்கு ஒரு தொடக்கம், நடு, முடிவு கிடைத்துவிடுகிறது. அந்த இதம்தான் என்னை உறுத்தியது.

ஒரே கோடு மாறியிருந்தால் இந்தக் குழப்பம் வராது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒவ்வொரு கோடும் மாறும் கோடாக விழ நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆறில் ஒன்றுகூட மாறாமல் வருவது 100க்குச் சுமார் 18 தடவை. ஒன்று மட்டும் மாறுவது 36, இரண்டு மாறுவது 30, மூன்று மாறுவது 13. மீதி எல்லாம் சேர்ந்தே 4க்குள்தான். ஆக, ஏறத்தாழ பாதித் தடவை ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் பேசுகின்றன, அவை ஒரே பேச்சைப் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்த இடத்தில் பழைய முறையையும் சொல்லிவிட வேண்டும். காசுகள் பின்னால் வந்த எளிய வழி. அதற்கு முன் ஷி என்ற செடியின் காய்ந்த தண்டுகள் 50. ஒன்றை ஒதுக்கிவிட்டு 49ஐ இரண்டாகப் பிரித்து, நாலு நாலாக எண்ணி, மிச்சத்தைத் தனியே வைப்பார்கள். ஒரு கோட்டுக்கு மூன்று சுற்று, ஒரு குவாவுக்கு 18 சுற்று. ஒரு கோடு மாறும் வாய்ப்பு அதிலும் மொத்தத்தில் நாலில் ஒன்றுதான். பங்கீடுதான் வேறு: தண்டுகளில் ஒரு யின் கோடு மாறுவது எட்டில் ஒன்று, யாங் கோடு மாறுவது எட்டில் மூன்று. இதனால் ஆறும் யின்னாக உள்ள குன் (பூமி), வந்தால் 100க்கு 45 தடவை அசையாமல் நிற்கும். ஆறும் யாங்காக உள்ள சியென் (வானம்) அசையாமல் நிற்பது 6 தடவைதான். காசில் இரண்டுக்கும் ஒரே 18. பூமிக்கு நிலைப்பும் வானத்துக்கு ஓட்டமும் தண்டு எண்ணும் முறைக்குள்ளேயே இருந்தன. காசுக்கு மாறியபோது அந்தச் சாய்வு போய்விட்டது. எனக்கு இது பெரிய இழப்பு.

ஜூ ஷி வகுத்த வரிசை

பல கோடுகள் மாறினால் எதை வாசிப்பது என்று முதன்முதலில் கறாராக எழுதி வைத்தவர் சொங் காலத்து அறிஞர் ஜூ ஷி. 1130இல் பிறந்து 1200இல் இறந்தவர். ஐ சிங் படிக்கத் தொடங்குபவர்களுக்காக 1186இல் அவர் எழுதிய சிறு நூலில் அந்த வரிசை இருக்கிறது. ஒன்றும் மாறாவிட்டால் குவா வாசகம். ஒன்று மாறினால் அந்தக் கோட்டின் வாசகம். இரண்டு மாறினால் இரண்டு கோட்டு வாசகங்களும், மேலே உள்ளதற்கு முதன்மை. மூன்று மாறினால் இரண்டு குவாக்களின் குவா வாசகங்கள். நான்கு மாறினால், மாறி வந்த குவாவில் அசையாத இரண்டு கோடுகள், கீழே உள்ளதற்கு முதன்மை. ஐந்து மாறினால் அங்கே அசையாத அந்த ஒரே கோடு. ஆறும் மாறினால் சியென், குன் இரண்டுக்கும் அதற்கென்றே தனி வாசகம் உண்டு. மற்றவற்றுக்கு இரண்டாம் குவாவின் வாசகம்.

மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் சட்டப் பட்டியல் போலத் தெரியும். கொஞ்சம் நேரம் கொடுத்தால் உள்ளே ஓடும் எண்ணம் பிடிபடும்: சிறுபான்மைதான் பேசும். ஒன்றிரண்டு மாறினால் மாறியவை அரிது, அவை பேசட்டும். நாலைந்து மாறினால் நின்றவை அரிது, அவை பேசட்டும். மூன்றுக்கு மூன்று என்று சமமாகிவிட்டால் கோடுகளை விட்டுவிட்டு இரண்டு குவாக்களையும் முழுசாகப் பார். இவ்வளவு அடக்கமான ஒரு எண்ணத்தால் இவ்வளவு குழப்பத்தையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது எனக்கு இன்றும் வியப்பு. அவருடைய நேர்மையும் பிடிக்கும். இரண்டு கோடு, நான்கு கோடு விதிகளை எழுதும்போது, பழைய நூல்களில் இதற்கு ஆதாரம் இல்லை, மற்றவற்றை வைத்து இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தாமே ஊகிப்பதாக அங்கேயே குறிப்பிடுகிறார்.

அக்காவின் குவாவை இந்த வரிசைப்படி பார்த்தால் ஆற்றைக் கடக்கும் வாசகத்துக்கு வேலையே இல்லை. இரண்டு கோடுகள் மாறியிருக்கின்றன, மேலே உள்ளது மூன்றாம் கோடு, அதற்கே முதன்மை. கணவன் போகிறான், திரும்புவதில்லை. ஒரே காசு, ஒரே கேள்வி. ஒரு முறையில் போ என்கிறது, இன்னொரு முறையில் அடிவயிற்றைக் கலக்குகிறது. ஜூ ஷியை நம்பி இதை அக்காவிடம் போய்ச் சொல்வதா? எனக்கு மனம் வரவில்லை. பயத்தால் மட்டும் இல்லை. விதி ஒரு வாசகத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டது என்பதாலேயே அந்த வாசகம் கேட்டவருக்குப் பொருந்திவிடுமா என்ற கேள்வி எழுந்துவிட்டது. அதற்குப் பதில் தேடி ஸோ ஜுவானுக்குத் திரும்பிப் போனேன்.

கிழக்கு அரண்மனை

கி.மு. 722 முதல் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான சீன நாடுகளின் நடப்பை ஆண்டுவாரியாகச் சொல்லும் பழைய வரலாறு ஸோ ஜுவான். தொகுக்கப்பட்டது கி.மு. நான்காம் நூற்றாண்டு வாக்கில். ஐ சிங்கை மக்கள் உண்மையில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று காட்டும் மிகப் பழைய சான்றுகள் இதில்தான் இருக்கின்றன. அவற்றில் நான் அடிக்கடி போய் நிற்பது கி.மு. 564இன் குறிப்பில். லூ நாட்டு மூத்த அரசி மூ ஜியாங் அந்த ஆண்டு கிழக்கு அரண்மனையில் இறந்தார்.

அவர் அங்கே வந்த கதை அழகான கதை இல்லை. அரசர் சுவானின் மனைவி, அடுத்து ஆண்ட அரசர் செங்கின் தாய். கணவர் போன பிறகு ஷுசுன் சியாவ்ரூ என்ற பிரபுவோடு உறவு. ஜி, மெங் என்ற இரண்டு பெருங்குடும்பங்களை ஒழித்துவிட்டு அவற்றின் சொத்தை அள்ளிக்கொள்வது அந்தப் பிரபுவின் திட்டம். கி.மு. 575இல் மகன் போருக்குப் புறப்படுகிறான். வழியனுப்ப வந்த தாய், அந்த இரு குடும்பங்களையும் துரத்து என்கிறார். திரும்பி வந்ததும் பார்க்கிறேன் என்று மகன் நழுவுகிறான். அந்த நேரம் பார்த்து அவனுடைய தம்பிமார் இருவர் அந்தப் பக்கமாக விரைந்து போகிறார்கள். தாய் அவர்களைக் கைகாட்டி, நீ மறுத்தால் இவர்களும் அரசராகத் தக்கவர்கள்தான் என்கிறார். பெற்ற மகனிடம், போருக்குப் போகும் நேரத்தில். சூழ்ச்சி பலிக்கவில்லை. சியாவ்ரூ சி நாட்டுக்கு ஓடிப்போனான். மூ ஜியாங் கிழக்கு அரண்மனைக்குள் அடைக்கப்பட்டார்.

உள்ளே போன புதிதில் தண்டு எண்ணிப் பார்த்தார்கள். விழுந்தது 52ஆவது குவா, கென். மலைமேல் மலை, அசையாமல் நிற்பது. அதில் இரண்டாம் கோட்டைத் தவிர மற்ற ஐந்தும் மாறுகின்றன. இரண்டாம் கோடு மட்டும் 8, நிலையான யின். மாறி வருவது 17ஆவது குவா, சுய், பின்தொடர்ந்து செல்லுதல். பலன் பார்க்கும் எழுத்தர் சொன்னார்: "இது கென் சுய்யாவது. சுய் என்றால் வெளியே போவது. நீங்கள் சீக்கிரம் வெளியே போய்விடுவீர்கள்." என் சாப்பாட்டு மேசையில் அக்கா வாசித்ததும் இதே வாசிப்புதான். முதல் குவா அடைபட்ட நிலை, இரண்டாம் குவா விடுதலை. அடைபட்ட ஒருவருக்கு இதைவிட இனிய செய்தி இருக்க முடியாது.

மூ ஜியாங் இல்லை என்றார். சுய்யின் வாசகத்தை அவரே எடுத்துச் சொன்னார்: யுவான், ஹெங், லி, ஜென், குற்றமில்லை. அந்த நான்கையும் நான்கு நற்குணங்களாக விரித்தார். தலைமையான நன்மை, நல்லவை ஒன்றுகூடுதல், அறத்தோடு இசைதல், காரியத்தைத் தாங்கும் உறுதி. பிறகு ஒவ்வொன்றாகத் தன்மேல் வைத்துப் பார்த்தார். நான் கலகத்தில் பங்கெடுத்தேன், என்னிடம் நன்மை இல்லை, முதலாவது இல்லை. நாட்டை அமைதியில் வைக்கவில்லை, இரண்டாவது இல்லை. நான் செய்தது எனக்கே கேடானது, மூன்றாவது இல்லை. என் இடத்தின் கண்ணியத்தை விட்டு ஆசையின் பின்னால் போனேன், நான்காவது இல்லை. இந்த நான்கும் உள்ளவருக்குத்தான் சுய் குற்றமில்லாதது. எனக்கு ஒன்றுகூட இல்லையே, எனக்கு எப்படி இது சுய் ஆகும்? நான் இங்கேயே சாவேன், வெளியே போக மாட்டேன். சொன்னபடியே ஆயிற்று.

இந்தப் பகுதியை ஏறத்தாழ 1,750 ஆண்டுகள் கழித்து ஜூ ஷியும் எடுத்துப் பேசுகிறார். எழுத்தர்மேல் அவருக்கும் கோபம். ஐந்து கோடுகள் மாறினால் இரண்டாம் குவாவில் அசையாமல் நிற்கும் கோட்டைத்தான் வாசிக்க வேண்டும். அது சுய்யின் இரண்டாம் கோடு: "சிறுவனைப் பற்றிக்கொண்டு பெரியவனை இழக்கிறாய்." எழுத்தர் அதைச் சொல்லாமல் சுய்யின் குவா வாசகத்துக்குப் போனது தவறு என்கிறார். அந்த வரியைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு பிரபுவைப் பற்றிக்கொண்டு அரசனான மகனை இழந்த பெண்ணின் முன்னால் அந்த வரி கிடந்திருக்கிறது, யாரும் வாசிக்கவில்லை. ஜூ ஷியின் விதி இங்கே கச்சிதமாக வேலை செய்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனாலும் மூ ஜியாங்குக்கு அந்த வரி தேவைப்படவில்லையே. எழுத்தர் கொடுத்த வாசகத்தையே, விதிப்படி தவறான அந்த வாசகத்தையே வைத்துக்கொண்டு, சரியான இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது இங்கேதான். எழுத்தரும் ஜூ ஷியும் எந்த வாசகம் என்று பார்த்தார்கள். மூ ஜியாங் அந்த வாசகம் யாருக்குப் பொருந்தும் என்று பார்த்தார். "குற்றமில்லை" என்பதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாமல், அதற்கு முன்னால் நிற்கும் நான்கு சொற்களை நிபந்தனையாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் குவா, இப்படி இருப்பவருக்கு இப்படி ஆகும் என்கிறது; நீ அப்படி இருக்கிறாயா என்ற கேள்வி கேட்டவர் பக்கமே திரும்பி வருகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். ஸோ ஜுவானை எழுதியவர்களுக்கு முடிவு தெரியும். மூ ஜியாங் உள்ளேயே இறந்தார் என்று தெரிந்த பிறகு அவர் வாயில் அந்தப் பேச்சை வைப்பது எளிது. அந்த நான்கு சொற்களுக்கு அவர் தரும் விளக்கம், ஏறக்குறைய அதே சொற்களில், சியென் குவாவின் உரையிலும் இருக்கிறது. மரபு அந்த உரையைக் கன்ஃபூசியஸ் எழுதியதாகச் சொல்கிறது. அவர் பிறந்ததோ கி.மு. 551இல், மூ ஜியாங் இறந்து 13 ஆண்டுகள் கழித்து. ஆக அந்தப் பேச்சு அப்படியே அரசியின் வாயிலிருந்து வந்தது என்று யாராலும் சாதிக்க முடியாது. எனக்கு அதனால் இந்தப் பகுதியின் மதிப்பு குறையவில்லை. எழுதியவர் யாராக இருந்தாலும், அந்த நூலின் ஆகச் சிறந்த ஐ சிங் வாசிப்பை ஒரு முனிவருக்கோ எழுத்தருக்கோ கொடுக்காமல், ஊரே வெறுத்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்.

எதிர் வீட்டு அடையாளம்

இரண்டாம் குவாவைப் பற்றி ஸோ ஜுவானில் இன்னொரு செய்தி இருக்கிறது. கோடுகளை இப்போது நாம் "தொடக்கத்தில் ஒன்பது", "இரண்டாவதில் ஆறு" என்று எண் வைத்துக் கூப்பிடுகிறோம். ஸோ ஜுவானில் அந்த வழக்கம் இல்லை. ஒரு கோட்டைச் சொல்ல வேண்டுமானால், அது மாறினால் எந்தக் குவா வருமோ அந்தக் குவாவின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். கி.மு. 513இல் ஜின் நாட்டில் டிராகன் தென்பட்டதாகப் பேச்சு எழுகிறது. சாய் மோ என்ற எழுத்தர் பழங்காலத்தில் டிராகன்கள் இருந்தன என்று காட்ட ஐ சிங்கிலிருந்து மேற்கோள் தருகிறார். சியென், கோ என்ற குவா ஆவதில் மறைந்திருக்கும் டிராகன் என்கிறார், அது தொங்ரென் ஆவதில் வயலில் தென்படும் டிராகன் என்கிறார், இப்படியே மேலே போகிறார். அங்கே யாரும் தண்டு எண்ணவில்லை, எதுவும் எதுவாகவும் மாறவில்லை. பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு என்று நாம் சொல்கிறோமே, அந்த மாதிரி இடம் சொல்லும் வழி அது. கேட்டவர் பிள்ளையாரைப் பார்க்கப் போவதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒற்றைக் கோடு மாறும்போது இரண்டாம் குவாவை எதிர்காலம் என்று வாசிக்க எனக்குக் கை வரவில்லை. அதற்காக அதை முற்றிலும் ஒதுக்குவதும் சரியில்லை. கி.மு. 672இன் குறிப்பில் சென் நாட்டு இளவரசன் ஒருவனுக்கு, அவன் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த பலன் வருகிறது. குவான் குவாவின் நான்காம் கோடு மாறிப் பீ ஆகிறது. இந்த நாடுகளுக்கெல்லாம் மேலான ஜோ அரசவையின் எழுத்தர் முதலில் அந்தக் கோட்டின் வாசகத்தைச் சொல்கிறார்: நாட்டின் ஒளியைப் பார், அரசனுக்கு விருந்தினனாக இருப்பது நன்று. பிறகு, காற்றாக இருந்த மேல் பாதி வானமாக மாறுவதையும் கீழே மண் இருப்பதையும் வைத்து அந்த வாசகத்தை விரித்து, இவன் வம்சம் வேறு நாட்டில் தழைக்கும் என்கிறார். இரண்டாம் குவா இங்கே கோட்டின் வாசகத்துக்கு நிறம் கொடுக்கிறது. தீர்ப்புச் சொல்வது கோடுதான். அந்த வம்சம்தான் பின்னால் சி நாட்டையே கைப்பற்றியது.

நிபந்தனையைப் பார்க்காமல் வாசித்தவர்களும் அந்த நூலில் உண்டு. கி.மு. 530இல் நான் குவாய் என்பவன் தன் எஜமானருக்கு எதிராகக் கலகம் செய்யப் பார்க்கிறான். தண்டு எண்ணியபோது குன்னின் ஐந்தாம் கோடு விழுகிறது: "மஞ்சள் கீழாடை, பெரும் நன்மை." இதற்குமேல் என்ன வேண்டும் என்று ஜிஃபு ஹுய்போவிடம் காட்டுகிறான். எந்தக் காரியம் என்று மட்டும் சொல்லவில்லை. ஹுய்போ பதில் சொல்கிறார்: நானும் இதைப் படித்தவன்தான், உண்மையும் விசுவாசமும் உள்ள காரியமானால் சரி, இல்லையென்றால் தோற்கும். மஞ்சள் நடுவின் நிறம், கீழாடை பணிந்திருப்பவரின் உடை. உள்ளே உண்மை இல்லாதவருக்கு அந்த நிறம் ஏது? ஆபத்தான சூழ்ச்சிகளுக்கு ஐ சிங்கைக் கேட்கக் கூடாது. நான் குவாய் கலகம் செய்தான், தோற்றான், சி நாட்டுக்கு ஓடினான். வந்தது ஒரே கோடு, நல்ல கோடு, மாறி வந்த குவாவும் நல்ல குவா. எந்த விதிப்படி வாசித்தாலும் பெரும் நன்மை என்றுதான் வரும். அந்த ஆடைக்கு உரியவன் தானா என்று அவன் பார்க்கவில்லை.

ஜியனின் மூன்றாம் கோட்டை நான் மறுபடி எடுத்துப் பார்த்தது இதற்குப் பிறகுதான். தீது என்ற சொல்லோடு அது முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு வால் இருக்கிறது: "கொள்ளையரைத் தடுக்க நன்று." முன்னேறிப் போவதற்கு அந்த இடம் ஆகாது, காத்துக்கொள்வதற்கு ஆகும். அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ இதுல கொள்ளைக்காரன் யாரு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று ராத்திரி மூவரும் உட்கார்ந்து வேலை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தோம். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், சம்பளம் பாக்கி வைத்தால் யாரிடம் போவது, நடுவில் திரும்ப வேண்டுமானால் டிக்கெட் யார் பொறுப்பு. அக்காவின் கணவர் முகவரிடம் இரண்டு வரிகளை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டுதான் போனார். ஐ சிங் சொன்னது பலித்தது என்று காட்ட இதை எழுதவில்லை, பலித்ததா இல்லையா என்று அளக்க என்னிடம் கோலும் இல்லை. இரண்டாம் குவாவோடு நிறுத்தியிருந்தால் அந்த ஒப்பந்தத்தை யாரும் எடுத்திருக்க மாட்டோம், அவ்வளவுதான்.

மூன்று கோடுகள்

இன்னும் எனக்குக் கடினமாக இருப்பது மூன்று கோடுகள் மாறும்போது. ஆறில் மூன்று மாற 20 வகைகள் உண்டு. ஜூ ஷி அவற்றை வரிசையாக அடுக்கி, முதல் பத்தில் முதல் குவாவுக்கு முதன்மை, பின் பத்தில் இரண்டாம் குவாவுக்கு முதன்மை என்கிறார். மற்ற விதிகளில் உள்ள அந்தத் தெளிவு எனக்கு இதில் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சீன அறிஞர் காவ் ஹெங் ஒரு கணக்கு வைத்தார். ஆறு கோட்டு எண்களையும் கூட்டி 55இலிருந்து கழித்து, மிச்சத்தைக் கோடுகளின் மேல் ஏறி இறங்கி எண்ணி, பேச வேண்டிய ஒற்றைக் கோட்டைப் பிடிப்பது. சாமர்த்தியமான வழி, ஆனால் குவாவைப் பார்ப்பதை விட்டு எண்ணைப் பார்க்க வைத்துவிடுகிறது. ஹான் காலத்து ஜியாவ் யான்ஷோ பெயரில் வழங்கும் நூல் இன்னொரு கோடிக்குப் போய், எந்தக் குவா எந்தக் குவாவாக மாறினாலும் தனித்தனியே ஒரு பாட்டு என்று 4,096 பாட்டுகள் தருகிறது. அங்கே கோடுகளுக்கே வேலை இல்லை.

எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் தந்தது குவோ யூ என்ற பழைய நூலில் உள்ள ஒரு நிகழ்ச்சி. ஜின் நாட்டு இளவரசன் சொங்கர் 19 ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்துவிட்டு கி.மு. 636இல் நாடு திரும்பும் வேளையில், ஜின் எனக்குக் கிடைக்குமா என்று தண்டு எண்ணுகிறான். மூன்றாவது குவா சுன் விழுகிறது. முதல், நான்காம், ஐந்தாம் கோடுகள் மாறி 16ஆவது குவா யூ வருகிறது. எழுத்தர்கள் எல்லோரும் நல்லதில்லை, வழி அடைபட்டிருக்கிறது என்கிறார்கள். கூடவே அலைந்த சிகோங் ஜிஸி மட்டும் நல்லது என்கிறார். சுன், யூ இரண்டின் குவா வாசகத்திலும் ஒரே சொற்றொடர் இருக்கிறது: தலைவர்களை நிறுவுவது நன்று. நாம் கேட்டது நாடு கிடைக்குமா என்று, தண்டுகள் சொன்னது தலைவர்களை நிறுவு என்று. ஜின்னைக் கையில் வைத்து ஜோ அரச குடும்பத்துக்குத் துணை நிற்காமல் தலைவர்களை நிறுவுவது எப்படி?

முதலில் இதைப் படித்தபோது, மூ ஜியாங்கின் எழுத்தர் சொன்னது போல இதுவும் ஆசைக்கு ஏற்ற வாசிப்பு என்றுதான் தோன்றியது. கேட்டவனுக்குப் பிடித்த பதில், சொன்னவர் அவனோடு கூட அலைந்த ஆள். பிறகுதான் அந்த நடு வாக்கியம் கண்ணில் பட்டது. அரச குடும்பத்துக்குத் துணை நிற்பது என்பதை அவர் சும்மா சேர்க்கவில்லை. நாடு எதற்காகக் கிடைக்கும் என்ற நிபந்தனையை அதே மூச்சில் வைத்துவிட்டார். அதோடு இரண்டு குவாக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, இரண்டுக்கும் பொதுவாக இருந்ததை எடுத்தார். இப்போது மூன்று கோடுகள் மாறி வந்தால் நான் ஜூ ஷியின் பத்துக்குப் பத்துக்குப் போவதில்லை. இரண்டு குவா வாசகங்களிலும் சேர்ந்து நிற்பது எது, அது என்ன கேட்கிறது என்று தேடுகிறேன். எப்போதும் கிடைப்பதில்லை. சொங்கர் அந்த ஆண்டே ஜின்னின் அரசனானான். அடுத்த ஆண்டு, தம்பியால் துரத்தப்பட்ட ஜோ அரசரைப் படையோடு கொண்டுபோய் மீண்டும் அரியணையில் அமர்த்தினான்.